2ஜியை அணைக்கும் முன் ஒரு நாள் வாருங்கள்

அலைபேசி நிறுவனங்களின் நெட்வொர்க் திட்டப் பிரிவுகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,



ரேடியோவுக்குப் பக்கத்தில் செல்போன் கிடந்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே ‘டிக்கிடி டிக்கிடி டிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே “போனு வருது பாருடா” என்பார். மணி அதற்கப்புறம்தான் அடிக்கும். அம்மாவுக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று என் தங்கை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் ஊர் பாஷையில் ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கிணற்றுக்கு நாலைந்து பங்காளிகள் இருந்தால் முறை வைத்துத்தான் இறைப்பார்கள். 2ஜியும் அப்படித்தான். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைக்கு எட்டுப் பங்காளிகள். ஆளுக்கு 577 மைக்ரோநொடி. தன் முறை வரும்போது மட்டும் போன் அலையை வீசும். மற்ற ஏழு பேரின் முறை முடியும்வரை வாய் திறக்காது. நொடிக்கு 217 தடவை இப்படி வீசி வீசி நிறுத்துவதைத்தான் ரேடியோ பிடித்து நம் காதில் போட்டது. தொலைவில் இருக்கும் பங்காளி தன் முறைக்குக் கொஞ்சம் முன்னதாகவே மடையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் தண்ணீர் அடுத்தவன் நேரத்தில் வந்து சேரும். எவ்வளவு முன்னதாக என்பதை டவர் ஒவ்வொரு போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டரோடு தீர்ந்துபோகும். அதற்கப்பால் நின்றால், சிக்னல் முழுதாகத் தெரிந்தாலும் சாதாரண 2ஜி டவரில் பேச முடியாது. இதை முதன்முதலில் கேட்டபோது, எவனோ ஒரு நீர்மணியக்காரன் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு இது என்றே எனக்குத் தோன்றியது.

நான் 1999இல் டவர் வேலைக்கு வந்தவன். டீசல் ஊற்றியிருக்கிறேன், கேபிள் இழுத்திருக்கிறேன், ஆன்டெனா திருப்பியிருக்கிறேன், கடைசி வருடங்களில் உங்களைப் போலத் திரை பார்த்தும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலம், கொஞ்சம் வெங்காயம். உங்களுக்கு எழுதக் காரணம், இந்தப் பக்கத்து டவர்கள் அடங்கிய ஒரு பட்டியல் இன்றில்லாவிட்டாலும் என்றாவது உங்கள் மேசைக்கு வரும் என்பதுதான். எந்தெந்த செல்லில் 2ஜியை நிறுத்தலாம், அந்த அலைவரிசையை எதற்குத் திருப்பலாம் என்கிற பட்டியல். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரி என்று போடப்போகிறவர்கள் நீங்கள்.

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். சரியாக 25 வருடம் கழித்து, அதன் வெள்ளி விழாவில் பேசிய முகேஷ் அம்பானி, 30 கோடிப் பேர் இன்னும் 2ஜி காலத்தில் சிக்கிக் கிடக்கிறார்கள் என்றும், 2ஜி பழைய கதையாகிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவர் தொடங்கிய நிறுவனத்திடம் 2ஜியே கிடையாது, அதனால் அவர் அப்படிப் பேசுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ‘சிக்கிக் கிடக்கிறார்கள்’ என்ற சொல் என்னை உறுத்தியது. என் பெரியம்மா தன் பட்டன் போனில் சிக்கிக் கிடக்கவில்லை. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஊரெல்லாம் நடக்கிறார்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2ஜி பாதுகாப்பானதல்ல. போன் தான் யார் என்பதை சிம் மூலம் டவருக்கு நிரூபிக்கிறது. டவரோ தான் யார் என்பதைப் போனுக்கு நிரூபிப்பதில்லை. வேட்டி கட்டியவரையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் என்று நம்பும் போன் அது. ஒரு வண்டியில் போலி டவரை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், வங்கியிலிருந்து வருவதுபோல் எஸ்எம்எஸ் வீசும் கும்பல்கள் உலகில் பல ஊர்களில் பிடிபட்டிருக்கின்றன. 4ஜி போனைக் கீழே இழுத்து 2ஜிக்குக் கொண்டுவந்துதான் அந்த வேலையைச் செய்கிறார்கள். 3ஜியிலிருந்தே இந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. அதே அகல அலைவரிசையில் 4ஜி எத்தனையோ மடங்கு கூடுதலாகச் சுமக்கும் என்பதும் உண்மை. 900 மெகாஹெர்ட்ஸ் என்பது தங்கம். சுவரைத் தாண்டும், மரத்தைத் தாண்டும், தூரம் போகும். அதைப் பழைய தொழில்நுட்பத்துக்குக் கொடுத்துவைப்பது உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். 2ஜி சாகாவரம் பெற்றது என்று வாதாட நான் வரவில்லை. அதைவிட இளையதான 3ஜி முந்திக்கொண்டதைப் பார்த்தவன்தானே நான். பேச்சுக்கு 2ஜி இருந்தது, டேட்டாவுக்கு 4ஜி வந்தது, நடுவில் 5 மெகாஹெர்ட்ஸ் கட்டுக்கட்டாகக் கேட்ட 3ஜிக்கு இடமில்லை. நம் நாட்டுப் பெரிய தனியார் நிறுவனங்கள் அதைத்தான் முதலில் சுருட்டின. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கூட்டம் கூடினால் 3ஜியின் எல்லை சுருங்கும். தேர்த் திருவிழா அன்று மட்டும் டவர் கிடைக்கவில்லை என்று திட்டு வாங்கியவன் நான்.

ஆனால் எதைக் கொண்டு அளந்து சரி போடுகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

உங்கள் திரையில் ஒவ்வொரு செல்லுக்கும் எதிரே ஜிகாபைட் இருக்கும். 2ஜியின் முழுத்தரப் பேச்சு நொடிக்கு 13 கிலோபிட். பெருக்கிப் பாருங்கள், ஒரு நிமிடப் பேச்சு ஒரு திசைக்கு ஒரு லட்சம் பைட்டைத் தொடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளோடு ஒரு தாய் பத்து நிமிடம் பேசுகிறார். மாப்பிள்ளை குடியை விட்டானா, குழு லோன் கட்டியாச்சா, சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கிச்சா எல்லாம் அதில் முடிந்துவிடும். அவர் சொன்னது ஒரு மெகாபைட் தேறாது. அவரைத் தாண்டிப்போகும் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒரு பையன் ஒரு நிமிட வீடியோவில் அதைப்போலப் பல மடங்கு கரைத்திருப்பான். உங்கள் கணக்கில் அந்தப் பையன் இருக்கிறான், அந்தத் தாய் இல்லை.

பேச்சை அளக்கத் தனி அளவு உண்டு என்பதைப் படித்துத்தானே வந்திருக்கிறீர்கள். டென்மார்க்கின் ஆக்னர் எர்லாங் பெயரால் வழங்குவது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சிலேயே இருந்தால் ஒரு எர்லாங். நான் வேலைக்கு வந்தபோது எர்லாங்கைப் பற்றித்தான் காலைக் கூட்டத்தில் பேசுவோம். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டே நாளாகிறது. அப்படியே கணக்கெடுத்தாலும் எங்கள் ஊரில் பாதி அதில் வராது. மிஸ்டு கால் எர்லாங்கில் பெரிதாகத் தேறாது. ‘பால் வண்டி வந்தாச்சு’ என்பதற்கு ஒரு மிஸ்டு கால், ‘பஸ் ஏறிட்டேன்’ என்பதற்கு இரண்டு. ரேஷன் கடை எஸ்எம்எஸ், வங்கியின் ஓடிபி, ஸ்டார் 99 ஹேஷ் போட்டு இருப்புப் பார்ப்பது இதெல்லாம் பேச்சுத் தடத்தைத் தொடாமல், டவரும் போனும் குசலம் விசாரித்துக்கொள்ளும் சிறு சந்து வழியாகவே போய்விடும். காலியாக இருப்பதாக உங்கள் திரை காட்டும் செல் ஊருக்குள் நாள் முழுக்க வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

செல்போன் ஸ்டார்ட்டர் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே மோட்டாருக்கான மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அந்த முறை நடுராத்திரியிலும் விழும். என் அப்பா காலத்தில் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போவார்கள். கட்டுவிரியன் கடித்துப் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இன்று கிணற்றடிப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அது நம்மைக் கூப்பிடும். படுத்த படுக்கையிலேயே ஓர் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும், தண்ணீர் வற்றினால் தானே நின்று தகவல் சொல்லும். இந்தக் கருவிக்கு அரசே மானியம் கொடுத்தது. இங்கே ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது 2ஜி மாட்யூல். நீங்கள் ஒரு ராத்திரி செல்லை அணைத்தால் அந்தப் பெட்டிக்கு யார் போய்ச் சொல்வது? அது பேப்பர் படிக்காது, உங்கள் அறிவிப்பு எஸ்எம்எஸ்ஸைப் பெற்றுக்கொண்டாலும் யாரிடமும் காட்டாது. மறுநாள் ராத்திரி டார்ச்சும் கம்பும் திரும்ப வரப்புக்கு வரும்.

அடுத்தது நீங்கள் அறிந்ததுதான், ஆனால் வெளியே யாரும் சொல்வதில்லை. 4ஜியில் பேச்சுக்கென்று தனிப் பாதை கிடையாது. அது டேட்டாவுக்காகவே கட்டிய வீடு. பேச்சு அங்கே விருந்தாளி. வோல்ட்இ என்ற ஏற்பாட்டின்படி பேச்சையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். அதற்குப் போன், சிம், நிறுவனத்தின் மென்பொருள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று இடறினாலும் போன் சத்தம் போடாமல் 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு, முடிந்ததும் ஏறிக்கொள்ளும். மலிவாக வாங்கிய, இரண்டாம் கை வாங்கிய, அமைப்பில் ஒரு பொத்தான் அணைந்து கிடக்கிற எத்தனையோ 4ஜி போன்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. கையில் வைத்திருப்பவருக்கே தெரியாது. கூப்பிடும்போது மேலே 4ஜி என்ற எழுத்து மறைகிறதா என்று பாருங்கள். 2ஜியை அணைத்த மறுநாள் அந்தப் போன்களில் படம் ஓடும், பாட்டு ஓடும். 108ஐக் கூப்பிட்டால் போகாமல் போகலாம்.

கிழவன் பயமுறுத்துகிறான் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 3ஜியை நிறுத்தும்போது இதேதான் நடந்தது. சாதாரணப் பேச்சுக்கு 4ஜியைப் பயன்படுத்தும் சில போன்கள், அவசர எண்ணான 000ஐ அழைக்கும்போது மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைந்திருந்தன. அது தெரியவந்து, தேதியைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் 2024 அக்டோபர் 28 அன்றுதான் பெரிய நிறுவனங்கள் இரண்டும் அணைக்கத் தொடங்கின. அதற்குள் போன் போனாகத் தேடி உரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பல நாடுகள் 3ஜியை மூடிவிட்டு 2ஜியைக் கொஞ்சம் விட்டுவைத்தன. 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிய ரகக் கார்களில் கட்டாயமான விபத்து அழைப்புக் கருவி பழைய முறைப் பேச்சுத் தடத்தையே நம்பியிருந்தது ஒரு காரணம். காருக்கு ஒரு நியாயம் கிடைத்தது என்றால் எங்கள் கிணற்றுக்கும் ஒன்று கிடைக்கலாம்.

இனி, என் கதை ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு சிறு நகரத்தின் கடைவீதியில் பேச்சு அறுந்து அறுந்து போகிறது என்று புகார்மேல் புகார். டவரில் ஏறி ஆன்டெனாவை இரண்டு டிகிரி கீழே சாய்த்தேன். கடைவீதி தெளிந்துவிட்டது. மாலைக்குள் மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த ஆன்டெனாவின் ஓரப் பார்வையில் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையோரக் குடியிருப்பு இருந்தது. முப்பது வீடுகள் இருக்கலாம். அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னல் கிடைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. என் இரண்டு டிகிரியில் அது போய்விட்டது. மாதக்கணக்கில் ஒரு புகாரும் வரவில்லை. எப்படி வரும்? புகார் சொல்லவே சிக்னல் வேண்டுமே. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, ஒரு பெரியவர் என் சட்டையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, “எங்க பாறைக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டார். என்னிடம் இருந்த ஏட்டில் அந்தச் செல்லுக்கு எதிரே ‘புகார் இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

அதனால்தான் ‘புகார் இல்லை’, ‘பயன்பாடு குறைவு’ என்ற இரண்டையும் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வரட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

முடிவு மேலே எடுக்கிறார்கள், எங்கள் கையில் என்ன இருக்கிறது என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பட்டியலில் வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அந்தக் கட்டம் உங்களுடையது. அதில் எழுதுவதற்கு உங்களிடம் சரக்கு இருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரு செல்லுக்குச் சரி போடும் முன் ஜிகாபைட்டை மூடிவைத்துவிட்டு, அங்கே ஒரு நாளில் எத்தனை சிம்கள் தலை காட்டின, எத்தனை அழைப்பு முயற்சிகள் நடந்தன, எடுக்கப்படாமல் முடிந்தவை எத்தனை, எத்தனை எஸ்எம்எஸ் போய் வந்தன என்று எடுங்கள். எல்லாம் உங்கள் கணினியில் கிடக்கும் எண்கள்தான், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலை ஐந்துக்கும் நடுவே நகராமல் ஒரே இடத்தில் இருந்துகொண்டு கூப்பிடும் சிம்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அவை கிணறுகள்.

அடுத்து, 4ஜி அங்கே போதுமா என்பதைக் காரில் நெடுஞ்சாலையில் ஓட்டி அளக்காதீர்கள். டிரைவ் டெஸ்ட்டில் எல்லா ஊரும் பச்சையாகத்தான் தெரியும். 4ஜி ஓடும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலை தார்ச்சாலையில் நன்றாகவே நடக்கும். ஓட்டு வீட்டுக்குள், ஒரு சுவர் தாண்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறதா என்பது வேறு கேள்வி. உள்ளே போய், விலை குறைந்த 4ஜி பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். 2023இல் 999 ரூபாய்க்கே அப்படி ஒரு போன் சந்தைக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன், அது நல்ல சேதிதான். ஆனால் போன் வாங்குவது ஒரு தரம், ரீசார்ஜ் ஒவ்வொரு மாதமும். டேட்டா வேண்டாதவருக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில்தான் விதி கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை எங்கள் ஆட்கள் பார்க்காத வீடியோவுக்கும் பணம் கட்டினார்கள்.

மூன்றாவதாக, 2ஜியை முழுக்கத் துடைக்காமல் ஓர் ஒல்லியான கீற்றை 900இல் விட்டுவையுங்கள். ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் போதுமா, இன்னும் குறைக்கலாமா என்பதை என்னைவிட நன்றாக நீங்கள் கணக்கிடுவீர்கள். என் காலத்தில் 2ஜிக்கு ஓர் அலமாரி, 3ஜிக்கு ஓர் அலமாரி, இரண்டையும் குளிர்விக்க ஏசி, ஏசிக்கு டீசல் என்றிருந்தது. இன்று ஒரே ரேடியோ பெட்டி இரண்டு மூன்று தலைமுறைகளை ஒன்றாகவே பேசுகிறது. தனி இயந்திரம் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்ற பழைய கணக்கைச் சொல்லி எங்களை ஏய்க்க முடியாது. போலி டவர் ஆபத்துக்கும் அணைப்பது ஒன்றுதான் வழி என்பதில்லை. 2ஜி தேவைப்படாத போன்களில் அதைத் தனியாக அணைத்துவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதை மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒருநாள் அந்தக் கீற்றும் போகத்தான் வேண்டும் என்றால், இரண்டு வருடத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே தேதி சொல்லுங்கள். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் வேண்டாம், படிக்கத் தெரிந்தவர்கள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள். கூப்பிட்டுத் தமிழில் பேசுங்கள். காலர்டியூன் விற்கக் கூப்பிடுகிறீர்களே, அதே மாதிரி. ஸ்டார்ட்டர் செய்கிறவர்களுக்கும் வேளாண் பொறியியல் அலுவலகங்களுக்கும் அதே தேதியை எழுத்தில் கொடுங்கள். ஒரு பெட்டியை மாற்ற வெங்காயம் ஒரு போகம் நல்ல விலைக்குப் போக வேண்டும், அந்தக் கணக்கும் உங்கள் தேதியில் இருக்கட்டும்.

இதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து முடியாது. ஆகவே ஒரே ஒரு நாள் வாருங்கள் என்று அழைக்கிறேன். திருச்சியிலிருந்து துறையூருக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. ராத்திரி முறை வரும் வாரமாகப் பார்த்து வாருங்கள். கரண்ட் வரும் நேரத்தில் கிணற்றடியில் கட்டில் போட்டு வைக்கிறேன். பெட்டி கூப்பிடுவதையும், ஊருக்குள் ஒவ்வொரு வீடாக விளக்குப் போடாமலே மோட்டார்கள் ஓடத் தொடங்குவதையும் இருட்டில் உட்கார்ந்து கேட்கலாம். லேப்டாப் கொண்டுவாருங்கள், சார்ஜ் போட இடம் உண்டு. பட்டன் போன் உங்களிடம் இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் மூன்று இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்களுக்கு முன் அந்த ஏணியில் ஏறியவன்